இரண்டாம் படிவம்

காலை பத்தரைக்கே வெடிச்சத்தம்.
மூன்றாம் சுற்றில் யாரோ முந்துகிறார்களாம்.
சமாதானபுரம் தெரு முழுக்க
எல்லா வீட்டு டிவியும் ஒரே எண்ணைக் கத்துகிறது.
கேபிள் காசு வாங்க வந்த பையனை
பீரோ மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன்.
"என்ன டீச்சர், கனக்கு? பணமா?"
"கணக்கு" என்றேன்.

அறுபது வருஷம் ஆகப்போகிறது.
அந்த நாட்டுக்கு அப்போது எட்டு மாத வயசு.
புதுக்கொடியின் சாயம் முதல் மழையிலேயே
பள்ளிக்கூடச் சுவரில் பச்சையாக இறங்கியிருந்தது.
அவுக பௌதிகம், நான் கணக்கு.
வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள்,
எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்று
என்னைத் தேர்தல் அலுவலர் ஆக்கினார்கள்.

ராத்திரியே நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.
விடிந்தபோது வரிசை
ஆனித் தேரின் வடம் போலக் கிடந்தது,
யாரும் இழுக்காமல், தானே அசைந்து.
ஒருத்தி வாக்குச்சீட்டை மூக்கருகே வைத்து
முகர்ந்து பார்த்துவிட்டு மடித்தாள்.

இரண்டே சின்னம்: கழுகு, உலக்கை.
கழுகு ஆள்கிற கட்சி.

அரிக்கேன் வெளிச்சத்தில் பெட்டியைக் கவிழ்த்தோம்.
உலக்கை நானூற்றுப் பன்னிரண்டு.
கழுகு எண்பத்தெட்டு.
செல்லாதது ஒன்பது; அதில் ஒன்றில்
இரண்டு சின்னத்துக்கும் நடுவே
யாரோ ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.
உலக்கைக்கு ஏஜென்ட் முலேங்கா,
இருபத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்பு, என் மாணவன்.
உரக்கக் கூட்டினான். சரியாக வந்தது.
கூட்டலில் அவனுக்கு அதுதான் முதல்முறை.
படிவத்தில் அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டேன்,
அடியில் கார்பன்.

மூன்றாம் நாள் ரேடியோ சொன்னது:
எங்கள் சாவடியில் கழுகு நானூற்றுப் பன்னிரண்டு.
புது எண் யோசிக்கக்கூட மெனக்கெடவில்லை,
இடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

கமிஷனர் ஆபீசில் டீ கொடுத்தார்கள்.
மேஜையில் புதுப்படிவம் ஒன்று,
பக்கத்தில் எங்கள் பாஸ்போர்ட் இரண்டு.
அவுகளுக்குக் காய்ச்சல் அன்றைக்குப் பதினோராம் நாள்.
யாரும் மிரட்டவில்லை.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
பேனா மூடியைக்கூட ஒருவர் கழற்றித் தந்தார்.
கையெழுத்து அன்றைக்கு
வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

"டீச்சர் எண்ணினார்கள், டீச்சரைக் கேளுங்கள்" என்று
சந்தையில் நின்று முலேங்கா கத்தினானாம்.
கப்பலில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன்.
அதன்பிறகு ஒன்றும் கேள்விப்படவில்லை,
போன மாதம் வரை.

அவன் மகள் எழுதியிருக்கிறாள்.
பழைய தேர்தல்களை விசாரிக்கிறார்களாம்.
உங்கள் கையெழுத்துள்ள படிவம் எங்களிடம் ஒன்று உண்டு,
வேறு ஏதும் உங்களிடம் இருக்கிறதா?
அப்பா சாகும்வரை ஒரே எண்ணைத்தான் சொன்னார்.

கார்பன் நகலை ராமபாணம் அரித்திருந்தது.
நீலம் போய்விட்டது.
ஆனால் தாளின் முதுகைத் தடவினால்
நாலும் ஒன்றும் இரண்டும் விரலில் தட்டுகின்றன.
தடவிய விரலின் நகத்தடியில்
இந்த மாதத்து மை இன்னும் வளர்ந்து வெளியேறவில்லை.

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடைக்காரன்,
"வெறுந்தாள் மாதிரிதான் விழும் டீச்சர்" என்றான்.
அப்படித்தான் விழுந்தது.
அசலையே உறையில் போட்டேன்.
கூட ஒரு கடிதம், நாலு வரி:
முதல் படிவமும் நான். இரண்டாவதும் நான்.
மற்ற இரண்டு வரி உங்களுக்கு எதற்கு?

ரோட்டை மறித்து ஊர்வலம். குலவை, மேளம்.
தோற்ற கட்சிக்காரர்கள்
மெஷினில் கோளாறு என்று மறியலுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.
சுற்றிக்கொண்டு தபாலாபீஸ் போனேன்.

வெளிநாட்டுத் தபாலுக்கு ஒரு சீட்டு நிரப்ப வேண்டுமாம்.
"உள்ளே என்னம்மா?"
"பழைய காகிதம்."
"மதிப்பு?"
"நானூற்றுப் பன்னிரண்டு."
"ரூபாயா?"

பின்னால் நின்றவர் அவசரம் என்றார்.
அந்தப் பெண் ரூபாய் என்றே எழுதிக்கொண்டாள்.
கையெழுத்து கேட்டாள்.
போட்டேன். கோணலாக விழுந்தது.